கேமரா கண்டதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டிக்கு ஒரு டேஷ்கேம் வாங்கி மாட்டுங்கள் என்ற அறிவுரை இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் பள்ளி வேன், தொழிற்சாலை பஸ், செம்பனை லோரி, வாடகைக் கார் என்று எதன் முன்கண்ணாடியைப் பார்த்தாலும் அந்தச் சிறிய கறுப்புக் கேமரா ஒட்டியிருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதில் பதிவாகும் காட்சி எத்தனை மணி நேரம் தங்கும் என்று விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் தோட்ட ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். காலையில் லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கு வருவார். மதியம் ஒரு நடை, மாலையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இன்னொரு நடை. வேனின் கணக்கு வழக்கும், கேமராப் பதிவுகளைப் பாதுகாத்து வைப்பதும் என் பொறுப்பு.

டேஷ்கேம் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு நிமிடம், மூன்று நிமிடம் அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாகப் படம் பிடித்துக்கொண்டே போகும். மெமரி கார்டு நிறைந்ததும் ஆகப் பழைய துண்டை அழித்து அந்த இடத்தில் புதியதை எழுதும். முழு எச்டி தரத்தில் ஒரு கேமரா ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 6 ஜிபி எடுத்துக்கொள்ளும். முன்னும் பின்னும் இரண்டு கேமரா இருந்தால் ஏறக்குறைய அதைப் போல் இரு மடங்கு. கடைக்காரர் இலவசமாகப் போட்டுக் கொடுக்கும் 32 ஜிபி கார்டில் இரண்டு கேமராவின் பதிவு மூன்று மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். நான்காவது மணி நேரம் ஓடும்போது முதல் மணி நேரம் அழிந்திருக்கும். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, விபத்து நடந்தால் புகார் செய்ய நமக்கு 24 மணி நேரம் தருகிறது. அந்தக் கார்டு தருவது மூன்று மணி நேரம்.

அதிர்ச்சி உணரும் கருவி கேமராவுக்குள் இருக்கிறதே, மோதினால் அந்தத் துண்டு தானாகப் பூட்டப்படுமே என்று சிலர் கேட்பார்கள். பூட்டப்படும், உண்மைதான். ஆனால் மோதல் நடந்தால்தான் பூட்டப்படும். எங்கள் தாமானில் குடியிருக்கும் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். பொழுது சாய்ந்த நேரத்தில் சிம்மோர் தாண்டி வந்துகொண்டிருந்தபோது, செம்மண் சாலையிலிருந்து விளக்கில்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று குறுக்கே வந்து, பஸ்ஸைப் பார்த்துத் தடுமாறி, ஓரத்துப் புல்லில் சாய்ந்தது. பஸ் அதைத் தொடவே இல்லை. இவர் இறங்கிப் போய்ப் பையனைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பையனும் ஒன்றுமில்லை அண்ணே என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இடி இல்லை, அதிர்வு இல்லை. கேமராவைப் பொறுத்தவரை அன்று மாலை எதுவுமே நடக்கவில்லை.

பல நாள் கழித்துப் போலீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. பஸ் இடித்துவிட்டுப் போனதாகப் புகார். அதற்குள் அந்தக் கார்டு எத்தனை முறை அழிந்து எழுதப்பட்டிருக்கும் என்பதை மேலே சொன்ன கணக்கை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். கண்ணாடியில் கேமரா இருந்தும் அவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. "கேமரா இருக்கிறதே, பதிவு எங்கே?" என்று விசாரணை அதிகாரி கேட்டபோது, எதையோ மறைப்பவரைப் போல் நிற்க வேண்டியிருந்தது என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. கடைசியில் அலைய முடியாமல் சம்மன் அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தார். ஒழுங்காக வண்டி ஓட்டுகிற மனிதர் அவர். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

எந்தக் காட்சி தேவைப்படும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். இடித்தால் தெரியும், உடனே கார்டைக் கழற்றி வைத்துக்கொள்வோம். இடிக்காத சம்பவம், பிறகு வரும் சம்மன், பெற்றோரின் புகார், நாள் கடந்து வரும் வக்கீல் கடிதம், காப்புறுதி நிறுவனத்தின் கேள்வி இவையெல்லாம் காட்சி அழிந்த பிறகே வந்து சேர்கின்றன. ஆகவே நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாப் பதிவையும் தினமும் வீட்டுக் கணினிக்கு மாற்றி, குறைந்தது இரண்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதையும் கணினி தானாகச் செய்ய வேண்டும். ஓட்டுநர் களைத்துப் போய் வீடு திரும்புகிறவர். தினமும் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாக இழுத்துப் போடு என்று அவரிடம் சொன்னால் ஒரு வாரம் செய்வார், பிறகு விட்டுவிடுவார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

தோட்ட ஆபீசில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆலைக்குப் போகும் செம்பனைக் குலைக்கு எடைச்சீட்டு போடும்போது ஒரே சீட்டை எழுதி லோரிக்காரர் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. அடியில் கார்பன் வைத்துத்தான் எழுதினோம். தகராறு எந்த லோரியில் வரும் என்று பார்த்துப் பார்த்து நகல் எடுக்கவில்லை, எல்லாவற்றுக்கும் எடுத்தோம்.

எங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். கோவிட் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்க வேண்டியிருந்ததே, அப்போது வாங்கிய கணினிகள் பல வீடுகளில் இன்று தூசி படிந்து கிடக்கின்றன. இந்த வேலைக்கு அவை போதும். எங்கள் வீட்டுக் கணினியில் 4 டிபி, அதாவது 4,000 ஜிபி, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி வைத்திருக்கிறோம். வேனில் பதிவு ஆகும் நேரம் நாளொன்றுக்கு நான்கைந்து மணி. ஒரு கேமராவுக்கு 25 முதல் 30 ஜிபி, இரண்டுக்கும் சேர்த்து 50 முதல் 60 ஜிபி வரும். அப்படிப் பார்த்தால் அந்த ஒரு டிஸ்க்கில் 60 பள்ளி நாளுக்கு மேற்பட்ட பதிவு நிற்கும். வார இறுதியும் விடுமுறையும் கழித்தால் காலண்டரில் அது ஏறக்குறைய மூன்று மாதம்.

மெமரி கார்டு இரண்டு வைத்திருக்கிறோம். மாலையில் கடைசி நடை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் கேமராவில் இருக்கும் கார்டைக் கழற்றி, மற்றதை அங்கேயே போட்டுவிடுவார். மறுநாள் காலையில் கார்டு இல்லாமல் வேன் கிளம்பும் பேச்சுக்கே இடமில்லை. கழற்றிய கார்டை நான் கணினியின் கார்டு ரீடரில் செருகுவேன். எங்கள் கை படும் வேலை அவ்வளவுதான். கார்டு உள்ளே போனதைக் கணினி தானே கண்டுகொண்டு, புதிய கோப்புகளை மட்டும் எடுத்து அன்றைய தேதியிட்ட பெட்டியில் போட்டுவிடும். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் நகல் எடுத்து முடிந்திருக்கும். நகல் எடுப்பதற்கு விண்டோசிலேயே ரோபோகாப்பி என்ற கட்டளை காசில்லாமல் இருக்கிறது. கட்டளை எழுதப் பிடிக்காதவர்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள் உண்டு. அதனோடு சேர்ந்து வரும் ரியல்டைம்சிங்க், கார்டு செருகப்படும் வரை காத்திருந்து வேலையைத் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். இம்மாதிரி மென்பொருள்களில் "மிரர்" என்று ஒரு முறை இருக்கும். கார்டில் எது இருக்கிறதோ அது மட்டுமே கணினியிலும் இருக்கும்படி அது செய்துவிடும். அதாவது கேமரா பழைய பதிவைக் கார்டில் அழித்திருந்தால் வீட்டில் பத்திரமாக இருக்கும் நகலையும் அது அழித்துவிடும்! பாதுகாக்க வைத்த ஏற்பாடே பதிவைத் துடைத்துவிடும். ஆகவே "அப்டேட்" என்ற முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் புதியது சேரும், பழையது அப்படியே நிற்கும். இரண்டு மாதம் கடந்ததை நீக்குவதற்குத் தனியாக ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளலாம். முக்கியமானதை அதற்கு முன்பே வேறொரு பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். அந்தப் பெட்டியை எந்தத் தானியங்கி வேலையும் தொடக்கூடாது.

கார்டைக் கழற்றாமல் வைஃபை வழியாகவே செய்ய முடியாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். முடியும். சில கேமராக்கள் வீட்டு வைஃபையில் தாமாக இணைந்துகொள்ளும். ப்ளாக்வியூ கேமராக்களுக்கென்றே பிளாக்வியூசிங்க் என்ற இலவச நிரல் ஒன்று இருக்கிறது, சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் அதைத்தான் தன் காருக்கு வைத்திருக்கிறான். கார் வீட்டு வைஃபைக்குள் வந்து நின்றால் கணினியே கேமராவிடமிருந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளும். ஆனால் நம் ஊர் நிலைமையில் இரண்டு தடை உண்டு. முதலாவது வேகம். வைஃபையில் நொடிக்கு 3 எம்பி வந்தால்கூட ஒரு கேமராவின் 24 ஜிபி வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் கேமரா வண்டி பேட்டரியில் ஓட வேண்டும், பேட்டரி இறங்கிப் போகாமல் குறிப்பிட்ட வோல்ட்டில் தானாகத் துண்டித்துக்கொள்ளும் கருவியைப் பட்டறையில் பொருத்த வேண்டும். இரண்டாவது, வேனை நிறுத்தும் இடத்துக்கு வைஃபை எட்ட வேண்டும். தோட்டத்துக்குள்ளே லயத்து வீடுகளில் இன்னும் குடியிருப்பவர்களுக்குக் கைப்பேசி இணைப்பு கிடைப்பதே பெரும்பாடு. கார்டைக் கழற்றிச் செருகும் முறைக்கு இணையமே வேண்டாம். அதனால் அதைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். வசதி உள்ளவர்கள் பூட்டப்பட்ட துண்டுகளை மட்டும் வைஃபையில் எடுக்கலாம்.

பேராக்கில் மாலை நேர இடிமின்னலுக்குப் பஞ்சமில்லை. இடித்தால் எல்லாச் செருகிகளையும் பிடுங்கிவிடுவோம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கணினி அணைந்திருந்த நேரத்தில் தவறிய வேலையை, திரும்ப இயங்கியதும் செய்துவிடும்படி விண்டோசின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு தேர்வு இருக்கிறது. நேரம் குறித்து வேலை நடக்கும்படி அமைப்பவர்கள் அதை மறக்காமல் டிக் செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாட்டால் நான் எதிர்பாராத இன்னொரு நன்மையும் கிடைத்தது. மெமரி கார்டு ஓயாமல் எழுதப்பட்டுத் தேய்கிற பொருள். அதுவும் நம் வெயிலில், பூட்டிய வண்டிக்குள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்து வேகிறது. தேய்ந்த கார்டு சத்தமில்லாமல் செத்துப்போகும். கேமராவின் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், ஆனால் கார்டில் ஒன்றும் பதிவாகாது. பலருக்கு இது விபத்து நடந்த அன்றுதான் தெரியவருகிறது. தினமும் நகல் எடுப்பவருக்கு அன்று இரவே தெரிந்துவிடும், புதிய கோப்பு வரவில்லை என்றால் கணினியில் அந்தப் பெட்டி காலியாகக் கிடக்கும். வாங்கும்போதே, இப்படித் தொடர்ந்து எழுதுவதற்கென்று வரும் ஹை எண்டூரன்ஸ் வகைக் கார்டாகக் கேட்டு வாங்குங்கள்.

கேமராவின் கடிகாரத்தையும் பாருங்கள். கோப்பின் பெயரே தேதியும் நேரமும்தான். நேரம் பிசகிய பதிவை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும். ஜிபிஎஸ் உள்ள கேமராவில் நேர மண்டலம் கேட்கும்போது கூட்டல் 8 என்று கொடுக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளி வைத்தது 1982 ஜனவரி 1-ஆம் தேதி. ஏழரைதானே நம் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும் மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

பதிவு கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். ஒரு தாய், தன் பிள்ளை சாலையோரம் நிற்கும்போதே வேன் நிற்காமல் போய்விட்டது என்று பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதிவிட்டார். சம்பவம் முந்தைய வாரத்தது. குழுவில் ஆளுக்கு ஆள் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் அந்தத் தேதிப் பெட்டியைத் திறந்து அந்தக் காலைப் பதிவைத் தேடி எடுத்தேன். வேன் வழக்கமான இடத்தில் நின்றிருக்கிறது, காத்திருந்திருக்கிறது, பிள்ளையைக் காணவில்லை. அந்தத் தாயை வீட்டுக்கு வரவழைத்துத் தேநீர் கொடுத்துப் போட்டுக் காட்டினோம். பிள்ளை அன்று கடைப்பக்கம் போய் நின்றது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அந்தப் பதிவைக் குழுவில் போடுங்கள், எல்லாரும் பார்க்கட்டும் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் போடவில்லை. பிள்ளைகளின் முகம் இருக்கும் பதிவு ஊர் முழுக்கச் சுற்றக்கூடாது.

இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எங்கள் வேனின் கேமராக்கள் இரண்டும் வெளியே பார்ப்பவை, ஒலிப்பதிவை நிறுத்தி வைத்திருக்கிறோம். கணினிக்குக் கடவுச்சொல் உண்டு. விபத்துக் காட்சிகளை டிக்டோக்கில் போட்டு விருப்பக்குறி சேர்க்கும் பழக்கம் எனக்குப் பெரிய வேதனை. அடிபட்டுக் கிடப்பவருக்கும் ஒரு தாய் இருக்கிறாள், செய்தி அவளுக்கு முறையாகப் போய்ச் சேரும் முன் காட்சி போய்ச் சேர்ந்துவிடுகிறது. பதிவைப் போலீசிடம் கொடுங்கள், காப்புறுதி நிறுவனத்திடம் கொடுங்கள். 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 1993-இல் சேர்க்கப்பட்ட 90ஏ பிரிவு, கணினி வழி உருவான ஆவணங்கள் நீதிமன்றத்தில் ஏற்கப்பட வழி செய்கிறது. கோப்பை வெட்டாமல், பெயர் மாற்றாமல், கேமரா எழுதியபடியே வைத்திருங்கள். புலனத்தில் அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு வண்டி எண் படிக்க முடியாமல் போய்விடும். பென்டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, மூலத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கோரிக்கை இல்லாமல் ஓட்டிச் சேர்த்த, காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் 55 விழுக்காடு என்சிடி கழிவைச் சொந்தக் கார்க்காரர்கள் காப்பாற்றிக்கொள்வதும் பல நேரம் இந்த ஒரு கோப்பால்தான்.

இன்னும் மனத்தை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. மேலே சொன்ன பஸ் ஓட்டுநரின் கேமரா அவருடையது அன்று. முதலாளியுடையது. கார்டைக் கழற்ற அவருக்கு அனுமதி கிடையாது. தொழிற்சாலை பஸ், செம்பனை லோரி, சரக்கு லோரி ஓட்டும் நம் பிள்ளைகள் ஆயிரமாயிரம் பேரின் நிலை இதுவே. வண்டி முதலாளியுடையது, கேமரா முதலாளியுடையது, பழி மட்டும் ஓட்டுநருடையது. நிறுவனங்களை நான் கேட்பது அதிகமில்லை. வண்டிகள் இரவில் வந்து நிற்கும் டெப்போவில் ஒரு கணினியை வையுங்கள். பதிவுகள் அன்றன்றே அதில் சேரட்டும், இரண்டு மாதம் நிற்கட்டும். ஓட்டுநர் தன் வண்டியின் பதிவைத் தேதி சொல்லிக் கேட்டால் நகல் கொடுப்பது வழக்கமாகட்டும். தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தம் பேசும்போது சம்பளம், கூடுதல் நேரம் இவற்றோடு இதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். வேலைக்குச் சேரும் நாளிலேயே ஓட்டுநர்கள் இதைக் கேட்க வேண்டும்.

கேமரா விற்றுப் பொருத்தும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இந்தக் கார்டில் உங்கள் பதிவு இத்தனை மணி நேரம் நிற்கும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதைப் பார்த்தாலே மக்கள் மற்றதை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நம் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மதியம் ஒதுக்கினால் போதும். வேன், பஸ், லோரி ஓட்டுநர்கள் தங்கள் வீட்டுக் கணினியையோ மடிக்கணினியையோ கொண்டுவரட்டும். கணினி தெரிந்த இடைநிலைப்பள்ளி மாணவர்கள் அங்கேயே அமைத்துக் கொடுத்துவிடுவார்கள், ஒரு கணினிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அப்படி யாராவது ஏற்பாடு செய்தால் நானும் வந்து உதவத் தயார்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் ஞாயிறு பதிப்பில் கால் பக்கம் ஒதுக்கினால், எங்கள் கணினியில் ஓடும் ரோபோகாப்பி கட்டளையை வரிக்கு வரி விளக்கத்தோடு தமிழில் எழுதி அனுப்புகிறேன். வெட்டி எடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்ள ஓட்டுநர் குடும்பங்களுக்கு அது உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டுநரின் மனைவி,
சுங்கை சிப்புட், பேராக்.